வெட்டிய கையுறை

ஊசியக்கா குத்தினால் வலிக்காது என்று நகரம் முழுக்கப் பேச்சு. ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே, "ஊசியக்கா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ரத்த வங்கியின் படியேறுவார்கள். இருபது வருடத்தில் ஒரே கையில் அவள் இரண்டாம் தடவை குத்தி யாரும் பார்த்ததில்லை.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. காலையில் கையுறையை மாட்டியதும், இடது கை ஆள்காட்டி விரலின் ரப்பர் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவாள். வெறும் விரலால் தொட்டால்தான் தோலுக்கடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குப் பிடிபடும். கையுறைக்கு மேல் தடவிப் பார்ப்பது போர்வைக்கு மேல் சொறிந்துகொள்வது மாதிரி என்பாள். வங்கிக்குப் பொறுப்பான பெரிய டாக்டரம்மா தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை கண்டித்தார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். குத்திக் குத்தி நீலம் பாய்ந்த கையோடு வார்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வந்தால், "ஊசியக்காவைக் கூப்பிடுங்க" என்று முதலில் சொல்வதே அவர்தான்.

அந்த வாரம் புதன்கிழமை அதே விரலில் நகச்சுற்று வந்தது. வெள்ளிக்கிழமை காலை நகத்தின் ஓரம் சிவந்து, மஞ்சளாகச் சீழ் கோத்து, விண்விண்ணென்று தெறித்தது. அவள் சமையலறையில் மாவுப் பாத்திரத்தை இழுத்தபோது நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, இந்த விரலோட மாவுல கை வெக்காதீங்க. சீழைப் பாருங்க. தள்ளுங்க, நான் பிசையறேன்."

"பெரிய வைத்தியர் வந்துட்டா" என்று சிரித்துக்கொண்டே அவள் நகர்ந்துகொண்டாள். விரலில் ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று தீயணைப்பு நிலையத்தில் ரத்த தான முகாம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் எட்டுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவள் பங்குக்கு இருபத்து மூன்று. முதல் ஆளின் கையைத் தொட்டபோதே பிளாஸ்திரி இடைஞ்சலாக இருந்தது. உரித்துக் குப்பையில் போட்டாள்.

பதினைந்தாவது ஆளாக வந்தவர் நிலையத்தின் சமையல்காரர். தூண் மாதிரிக் கை. எங்கே அமுக்கினாலும் சதைதான்.

"போன தடவை வந்த பொண்ணு மூணு இடத்துல குத்திப் பாத்துட்டு, உங்க உடம்புல ரத்தமே இல்லைன்னு எழுதித் தராத குறைதான்" என்றார் அவர். "நீங்க கண்டுபிடிச்சிட்டா நான் ஒத்துக்கறேன், நீங்கதான் ஊசியக்கா."

அவள் கண்டுபிடித்தாள். மருந்துப் பஞ்சால் முப்பது வினாடி தேய்த்தாள். முப்பது வினாடி காயவிட்டாள். அதன் பிறகு அந்த இடத்தை எதுவும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆனால் அவள் ஊசியை எடுத்துத் திரும்புவதற்குள் சமையல்காரர் கையை அசைத்துவிட்டார். நரம்பு நழுவிவிட்டது. வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வெறும் விரல் நுனியால் துடைத்த இடத்தில் ஒரே ஒரு அமுக்கு அமுக்கி, நரம்பைப் பிடித்து, அதே மூச்சில் ஊசியை இறக்கினாள். ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடிப் பையில் விழுந்தது.

"வலிக்கவே இல்லையே!" என்று சமையல்காரர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெந்நீரில் விரலை வைத்தபோது சீழ் உடைந்து வந்தது. திங்கட்கிழமை வலி இல்லை. அவள் அதை மறந்தும்போனாள்.

ஒருவர் கொடுக்கிற ரத்தம் ஒரே பையாக நிற்பதில்லை. இயந்திரத்தில் சுழற்றி மூன்றாகப் பிரிப்பார்கள். சிவப்பணு குளிர்பெட்டிக்குப் போகும். நீர்ப்பகுதி உறைபெட்டிக்குப் போகும். ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட்டுகளுக்கு மட்டும் குளிர் ஆகாது. அதனால் அந்தப் பை அறை வெப்பத்திலேயே, ஒரு தட்டில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு ஐந்து நாள் வரை இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பைக்கு நான்காம் நாள். காலை ஒன்பது மணிக்குப் புற்றுநோய் வார்டிலிருந்து சீட்டு வந்தது. நோயாளி ஒரு பள்ளி வேன் டிரைவர். ரத்தப் புற்று. மருந்து ஏற்றியதில் பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கி, ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஊசியக்காதான் பையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தாள்.

பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. வார்டு நர்ஸ்.

"அக்கா, நீங்க அனுப்பின பிளேட்லெட் ஏத்தினோம். பாதி போயிருக்கும், ஆளுக்குத் தூக்கித் தூக்கிப் போடுது. காய்ச்சல் நூத்திமூணு. பிரஷர் இறங்கிட்டே போகுது."

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டோம். பையை அனுப்பறேன்."

பை வந்தது. பெரிய டாக்டரம்மா அதைத் தன் கையாலேயே மாடியில் இருந்த கிருமி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் கிருமி வாத்தியார் என்பார்கள். லிஃப்டில் ஏறினால்கூட நாலு மாடிக்குள் ஒரு பாடம் எடுத்துவிடுவார். அன்று அவர் பாடம் எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவரே கீழே இறங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"பை முழுக்க மொய்க்குது டாக்டர். திராட்சைக் கொத்து மாதிரி. தோல்ல இருக்கிற கிருமிதான், ஆனா மோசமான வகை. உள்ள போனது நாலோ அஞ்சோ இருந்திருக்கும். நாலு நாள் கதகதப்புல ஆட்டிக்கிட்டே வெச்சா கோடிக்கணக்குல ஆகும்."

பையின் எண்ணை வைத்துப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையம், சமையல்காரர். ரத்தம் எடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து. அவள் எண்ணையும் கையெழுத்தையும் மறுபடி ஒத்துப் பார்த்தாள். ஆனால் யோசிக்க நேரமில்லை. அதே ரத்தத்தின் சிவப்பணுப் பை நான்கு தெரு தள்ளியிருக்கும் பிரசவ மருத்துவமனைக்குப் போயிருந்தது. பதினொன்றரைக்கு அங்கே ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன்.

"கூப்பிடுங்க, உடனே" என்றார் டாக்டரம்மா.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு எண்ணில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ரிசீவரைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்துவிட்டு, "நீ அடிச்சிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த நான்கு தெருவையும் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. ஆபரேஷன் அறை வாசலில் காவலாள் தடுத்தார். அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் இன்னும் அந்தப் பெண்ணின் கையில் சேரவில்லை.

"என்னக்கா, நீங்களே ஓடி வர்றீங்க?" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

அவள் பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று எல்லோரும் அவளை மெச்சினார்கள். நல்ல நேரத்தில் ஓடினாய் என்று டாக்டரம்மா தோளைத் தட்டிக்கொடுத்தார். டிரைவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போய்க் கை கழுவியபோதுதான் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் மெல்லிய தோல் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். குழாயைத் திறந்தபடியே விட்டு நின்றுகொண்டிருந்தாள். தூண் மாதிரி இருந்த அந்தக் கை, நழுவிய நரம்பு, ஒரே ஒரு அமுக்கு, எல்லாம் கண்முன் வந்து நின்றன.

மறுநாள் காலை பத்து மணிக்கு டிரைவர் இறந்துபோனார்.

அதே நேரத்தில் சமையல்காரர் ரத்த வங்கியில் உட்கார்ந்திருந்தார். கிருமி வாத்தியார் அவருடைய இரண்டு கைகளையும் பஞ்சால் தேய்த்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் பல் பிடுங்கினீர்களா, காய்ச்சல் இருந்ததா, வயிற்றுப்போக்கு உண்டா, கொப்புளம் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் வாசலில் ஊசியக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. என் ரத்தத்துல ஏதாவது விஷமா? நான் தினமும் நாப்பது பேருக்குச் சமைக்கிறேன்."

"இல்லண்ணே. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இனிமே ரத்தம் குடுக்க வரவேண்டாம்னு சொல்றாங்க?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பாக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் அறிக்கை தயாரானது. கொடையாளியின் தோலில் இருந்த கிருமி ஊசி வழியாக உள்ளே போயிருக்கலாம். கொடையாளி நிரந்தரமாக விலக்கப்படுகிறார். நடைமுறையில் குறை எதுவும் தென்படவில்லை. டாக்டரம்மா படித்துக் காட்டிவிட்டு, "எவ்வளவு துடைச்சாலும் தோலுக்குள்ள கொஞ்சம் தங்கும். எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். மனசை விட்டுடாத" என்றார். அவள் தலையாட்டினாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதையும் அவசரமாகப் பேசமாட்டான். அன்று அவசரமாகப் பேசினான்.

"வாயைத் திறக்காத. நீ சொன்னா செத்தவர் எழுந்து வரப்போறாரா? உன்னை உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாங்க. விரல்லேருந்துதான் போச்சுன்னு யாரு கண்டா?"

"நான் கண்டேன்."

"உன் மனப்பிராந்தி அது."

நாத்தனார் எந்தப் பேச்சிலும் ஒரு வார்த்தையாவது சேர்க்காமல் இருக்கமாட்டாள். அவள் அன்று தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தாள். பாத்திரம் கழுவும்போது மட்டும், "வெள்ளிக்கிழமை உங்களை நான் அனுப்பியே இருக்கக் கூடாது அண்ணி" என்றாள். வீட்டு மாவில் வைக்க விடாத விரலை அன்று இருபத்து மூன்று பேர் கையில் வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் ஊசியக்காவுக்கு உறைத்தது. கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் ரத்த வங்கியின் கண்ணாடிச் சன்னல் முன் வந்து நின்றாள். நடுவிரலில் தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தடம். தையல்காரி. டிரைவரின் மனைவி. இறப்புப் பத்திரம் வாங்க ரத்த வங்கியின் தாள் ஒன்று வேண்டும் என்று வார்டில் சொன்னார்களாம். அவள் கொண்டுவந்த சீட்டைச் சன்னலுக்குள் நீட்டினாள். ஊசியக்கா அதை வாங்கிப் பதிவேட்டில் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"நீங்கதான் அந்தப் பையைக் குடுத்து அனுப்பினீங்களா?" என்று தையல்காரி கேட்டாள்.

"ஆமா."

"நல்லாத்தான் அனுப்பியிருப்பீங்க. நான்தான் கெடுத்துட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. இரண்டு நாளாக இதையே சொல்லிச் சொல்லி வறண்டுபோன குரல். "ஏத்த ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல குளிருது, போத்திவிடுன்னாரு. போத்திவிட்டேன். இன்னொண்ணு போடுன்னாரு. என் சால்வையையும் போட்டேன். கால் ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். சும்மா சும்மா கூப்பிட்டா நர்ஸம்மா கோவிச்சுக்குவாங்கன்னு பத்து நிமிஷம் கூப்பிடவே இல்ல. அப்பவே கூப்பிட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்கல்ல? கூறுகெட்டவ, போத்திவிட்டுட்டு உக்காந்திருந்தேன்."

ஊசியக்கா பதிவேட்டை மூடினாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தையல்காரிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பு இல்ல. அந்தப் பையில கிருமி இருந்துச்சு. என் விரல்லேருந்து போனது."

தையல்காரி புரியாமல் பார்த்தாள். ஊசியக்கா ஒன்று விடாமல் சொன்னாள். நகச்சுற்று, உரித்துப் போட்ட பிளாஸ்திரி, கையுறையில் வெட்டிய நுனி, துடைத்த பிறகு வைத்த விரல்.

"எந்த விரலு?" என்றாள் தையல்காரி.

அவள் கையை நீட்டினாள். தையல்காரி அந்தக் கையைப் பிடித்து, துணியில் தையல் பிரிந்த இடத்தைப் பார்ப்பது போல நகத்தின் ஓரத்தை ஊன்றிப் பார்த்தாள். பிறகு சட்டென்று உதறிவிட்டு எழுந்தாள். தாளை வாங்காமலேயே போய்விட்டாள்.

ஊசியக்கா நேரே போய்ச் சொன்னபோது டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்து கத்தினார்.

"அவங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்க! என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நகச்சுற்றை வெச்சுக்கிட்டு எப்படி முகாமுக்கு வந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளை அனுப்பியிருப்பேனே!"

"தோணல டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகலதான்" என்றார் டாக்டரம்மா. அன்று அவள் எடுத்த மற்ற இருபத்திரண்டு பேரின் பைகளையும் நிறுத்திவைக்கச் சொல்லப் போனை எடுத்தார்.

கிருமி வாத்தியார் அவளுடைய விரலிலும், இந்தக் கிருமி வழக்கமாகக் குடியிருக்கிற மூக்கிலும் மாதிரி எடுத்தார். சனிக்கிழமை முடிவு வந்தது. பையில் வளர்ந்ததும் அவள் மூக்கில் வளர்ந்ததும் ஒரே மருந்துகளுக்குச் செத்தன, ஒரே மருந்துகளுக்குச் சாகாமல் நின்றன; இரண்டும் ஒரே கிருமி. சமையல்காரரின் கையில் அந்தக் கிருமி இல்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீளமான ஒரு மேசை, அந்தப் பக்கம் நான்கு அதிகாரிகள். சுவரோரம் தையல்காரி தன் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். கையுறை வெட்டுவது பொறுப்பாளருக்குத் தெரியுமா என்று ஒரு அதிகாரி கேட்டார். டாக்டரம்மா கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"தெரியும்" என்றார். "பல வருஷமா தெரியும்."

கடைசியில், பாதிக்கப்பட்டவர் தரப்பில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். அண்ணன் எழுந்தான். தையல்காரி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே கேட்டாள்.

"அந்தக் கையுறையை எதுக்கு வெட்டினீங்க?"

"நரம்பு நல்லாத் தெரியும்னு. யாருக்கும் ரெண்டு தடவை குத்தி வலிக்கக் கூடாதுன்னு." இதைத்தான் சொல்ல வேண்டுமென்று ஊசியக்கா ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்த முடியவில்லை. "நான் குத்தினா வலிக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதைக் கேக்கறதுக்காகவும்தான்."

தையல்காரி வேறெதுவும் கேட்கவில்லை. அவள் மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

ஊசியக்கா இனி ஊசியைத் தொடக் கூடாது என்று உத்தரவானது. பைகளைச் சோதித்து அனுப்புகிற பின்னறையில் போட்டார்கள். டாக்டரம்மா கண்டிப்புக் கடிதம் ஒன்றோடு அதே பொறுப்பில் நீடித்தார். ஆனால் ஆள் மாறிவிட்டார். கத்தரிக்கோல்களை எல்லாம் பறித்துப் பூட்டினார். கையில் கீறல் இருந்தால்கூட அன்று ஊசிப் பக்கம் வரக் கூடாது என்றார். குத்தியதும் வருகிற முதல் ரத்தம் பைக்குப் போகாமல் தனிச் சிறு பையில் விழுகிற மாதிரிக் குழாய்களை வரவழைத்தார். ஊசி தோலைத் துளைக்கும்போது ஒட்டிக்கொண்டு வருகிற கிருமி அந்தச் சிறு பையோடு நின்றுவிடும். மேலிடத்தோடு எட்டு மாதம் மல்லுக்கட்டி, ஒவ்வொரு பிளேட்லெட் பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற இயந்திரத்தையும் கொண்டுவந்தார். சமையல்காரருக்கு விலக்கு நீங்கியது என்று கடிதம் போனது. அவர் வரவில்லை.

இயந்திரம் வந்த ஆறாம் வாரம், ஒரு மதியம், அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போது பின்னறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். எண்ணைப் பார்த்தாள். ரத்தம் எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண். ஒரு வினாடிகூடக் குறையாமல் துடைத்துக் காயவிட்டுக் குத்துகிற பெண். ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கிருமி வந்திருக்கிறது. அந்தப் பை குழந்தைகள் வார்டுக்கு ஒதுக்கியிருந்த பை. இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கும்.

அவள் பையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு வார்டுக்குப் பேசினாள். வேறு பை தயாராக இரண்டு மணி நேரமாகும் என்றாள். நர்ஸ் பதில் சொல்வதற்குள் ரிசீவரை யாரோ பிடுங்கினார்கள். ஒரு ஆணின் குரல்.

"காலையிலேருந்து உக்காந்திருக்கோம். குழந்தைக்கு மூக்குல ரத்தம் நிக்கல. மதியம் பை வந்துடும்னீங்க, இப்ப ரெண்டு மணி நேரங்கறீங்க. உங்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி இல்லையா? மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றாள் அவள்.

"என்னத்தைப் பொறுக்கறது? உங்க பேர் என்ன சொல்லுங்க, நான் எழுதிக் குடுக்கறேன்."

அவள் தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கிறவரை காத்திருந்தாள். அவர் இன்னும் திட்டினார். நடுவில் ஒரு குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. அவராகவே போனை வைத்த பிறகு, அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, அந்தப் பையைச் சோதித்து அழிப்பதற்காக எடுத்துக்கொண்டு கிருமி ஆய்வுக்கூடத்துக்கு மாடிப்படி ஏறினாள்.